ஓஎஸ்பிஎஃப் நெய்பர் எந்த நிலையில் நிற்கிறது? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

ரவுட்டர்கள் தமக்குள் பேசி வழி கண்டுபிடிக்க உதவும் ஓஎஸ்பிஎஃப் புரோட்டோகால் ஓடும் நெட்வொர்க்கில் ஒரு ரூட் (போகும் வழி) காணாமல் போனதும் பலருடைய கை முதலில் போவது 'கிளியர் ஐபி ஓஎஸ்பிஎஃப் பிராசஸ்' கட்டளைக்குத்தான். தயவுசெய்து அதை அடிக்காதீர்கள். அந்த ரவுட்டரின் எல்லா நெய்பர்களும் (அதோடு ஓஎஸ்பிஎஃப் பேசும் பக்கத்து ரவுட்டர்களும்) ஒரே நேரத்தில் விழுந்து எழும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிங்க்குகளின் டிராஃபிக்கும் சேர்ந்து அடிபடும். அதைவிடப் பெரிய நஷ்டம், பிழை எந்தக் கட்டத்தில் நின்றது என்ற தடயம் அழிந்துபோவது. ஓஎஸ்பிஎஃப் எங்கே தடுக்கி நிற்கிறது என்பதை அதுவே நெய்பர் நிலையில் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் கான்ஃபிக்கில் கை வைக்க வேண்டும்.

இந்த வழிமுறை 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2328 வரையறுக்கும் ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்புக்கானது, அதாவது ஐபிவி4 நெட்வொர்க்குகளுக்கு. கட்டளைகளை சிஸ்கோ ஐஓஎஸ் வழக்கப்படி சொல்கிறேன். லினக்ஸில் எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருளை ஓட்டுபவர்களுக்கும் அதன் கட்டளைச் சாளரமான 'விடிஒய்எஸ்ஹெச்' உள்ளே பெரும்பாலும் இவையே கிடைக்கும்.

இரண்டு ரவுட்டர்கள் ரூட்டுகளைப் பகிர்ந்துகொள்வதற்கு முன் என்ன நடக்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு ஹலோ போகும். எதிர்ப்பக்க ஹலோ வந்து சேர்ந்தால் 'இனிட்'. அந்த ஹலோவுக்குள் நம் ரவுட்டர் ஐடியும் இருந்தால் 'டூ-வே'. அடுத்து யார் மாஸ்டர், யார் ஸ்லேவ் என்று முடிவாகும் 'எக்ஸ்ஸ்டார்ட்'. தங்களிடம் உள்ள எல்எஸ்ஏக்களின் (நெட்வொர்க் வரைபடத்தின் துண்டுகளின்) தலைப்புகளை மட்டும் மாற்றிக்கொள்ளும் 'எக்ஸ்சேஞ்ச்'. தன்னிடம் இல்லாததைக் கேட்டு வாங்கும் 'லோடிங்'. எல்லாம் சேர்ந்தபின் 'ஃபுல்'. அதற்குப் பிறகு ஒவ்வொரு ரவுட்டரும் தன்னிடமுள்ள வரைபடத்தின் மேல் டைக்ஸ்ட்ரா கணக்கை ஓட்டி, ரூட்டுகளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஓஎஸ்பிஎஃப்பில் ஒரே ஏரியாவுக்குள் (நெட்வொர்க்கைப் பிரித்த ஒரு பகுதிக்குள்) யாரும் யாருக்கும் ரூட் அனுப்புவதில்லை. வரைபடத்தின் துண்டுகளைத்தான் அனுப்புகிறார்கள். இது பிடிபட்டால் கீழே வரும் பாதிச் சிக்கல்கள் தாமாகவே விளங்கும்.

எனவே முதல் கட்டளை எப்போதும் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்'. அதை இரு முனைகளிலும் அடித்து, வந்ததை ஒரு கோப்பில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் பெரும்பாலும் தவறாகத்தான் முடியும்.

அறிகுறி: நெய்பர் பட்டியல் காலியாக இருக்கிறது

பட்டியலில் பெயரே இல்லையென்றால் இரண்டில் ஒன்று: எதிர்ப்பக்க ஹலோ வரவில்லை, அல்லது வந்தும் நம் ரவுட்டர் அதை நிராகரிக்கிறது. இவற்றைப் பிரிப்பதுதான் முதல் வேலை.

எதிர் முனையின் நேரடி ஐபிக்கு பிங் போகிறதா பாருங்கள். போகவில்லையென்றால் இது ஓஎஸ்பிஎஃப் சிக்கலே இல்லை. கேபிள், விலான், முகவரி என்று கீழிருந்து தொடங்குங்கள். பிங் போகிறது என்றால் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ் பிரீஃப்' அடியுங்கள். அந்த இன்டர்ஃபேஸ் பட்டியலிலேயே இல்லையென்றால் 'நெட்வொர்க்' வரியில் வைல்ட்கார்டு மாஸ்க் தவறாக இருக்கும். 0.0.0.3 என்று போட வேண்டிய இடத்தில் 0.0.0.0 போட்டு, முகவரியில் நெட்வொர்க் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அது எந்த இன்டர்ஃபேஸுக்கும் பொருந்தாது. இன்டர்ஃபேஸ் பட்டியலில் இருந்தும் ஹலோ போகவில்லையென்றால் அது 'பாஸிவ்' ஆக இருக்கும். 'பாஸிவ்-இன்டர்ஃபேஸ் டிஃபால்ட்' போடுவது நல்ல பழக்கம், அதை விடச் சொல்லமாட்டேன். ஆனால் புதிதாக ஒரு அப்லிங்க் சேர்க்கும்போது அதற்கு 'நோ பாஸிவ்' கொடுக்க மறந்துபோவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இரண்டும் சரி என்றால் ஹலோ நிராகரிக்கப்படுகிறது என்று கொள்ளலாம். ஹலோவில் சில மதிப்புகள் இரு பக்கமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்: ஏரியா எண், ஹலோ இடைவெளி, டெட் இடைவெளி, ஸ்டப் ஏரியா கொடி (ஓஎஸ்பிஎஃப்புக்கு வெளியிலிருந்து வரும் ரூட்டுகளை ஏற்காத ஏரியா என்ற குறி), ஆதென்டிகேஷன், ஈதர்நெட் போன்ற பிராட்காஸ்ட் லிங்க் என்றால் சப்நெட் மாஸ்க்கும். சிஸ்கோவில் ஈதர்நெட்டுக்கும் பாயின்ட்-டு-பாயின்ட் லிங்க்குக்கும் ஹலோ 10 விநாடி, டெட் 40 விநாடி. நான்-பிராட்காஸ்ட் வகைக்கு 30, 120. ஒரு முனையில் யாரோ நெட்வொர்க் வகையை மாற்றினால் டைமரும் சேர்ந்தே மாறிவிடக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எது ஒத்துப்போகவில்லை என்று ஊகிக்கத் தேவையில்லை. 'டீபக் ஐபி ஓஎஸ்பிஎஃப் ஹலோ' போட்டால் ரவுட்டரே சொல்லும்: டெட் ஆர் 40 சி 40, ஹலோ ஆர் 10 சி 10, மாஸ்க் ஆர் 255.255.255.0 சி 255.255.255.252. ஆர் என்பது வந்தது, சி என்பது இங்கே கான்ஃபிக் செய்திருப்பது. இந்த எடுத்துக்காட்டில் மாஸ்க்தான் குற்றவாளி. ஏரியா எண் மாறியிருந்தால் டீபக் கூடத் தேவைப்படாது. லாகில் 'மிஸ்மேட்ச் ஏரியா ஐடி' என்று வந்து நிற்கும். பார்த்து முடித்ததும் டீபக்கை நிறுத்திவிடுங்கள். ஆதென்டிகேஷன் சந்தேகம் என்றால் 'டீபக் ஐபி ஓஎஸ்பிஎஃப் அட்ஜ்'. கடவுச்சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு காலி இடம் போதும், கீ பொருந்தாது, கண்ணுக்கும் தெரியாது. இரு பக்கமும் புதிதாகத் தட்டச்சு செய்வதே வேகமான வழி.

இன்னும் இரண்டு காரணங்களைச் சொல்ல வேண்டும். நேரடியாக இணைந்த இரண்டு ரவுட்டர்களுக்கும் ஒரே ரவுட்டர் ஐடி இருந்தால் அவை ஒன்றையொன்று நெய்பராக ஏற்கவே ஏற்காது. லாகில் 'டூப்ளிகேட் ரவுட்டர்-ஐடி' என்று வரும். அடுத்தது லினக்ஸ் ஃபயர்வால். எந்த போர்ட்டைத் திறக்க வேண்டும் என்று தேடுகிறவர்கள் நிறைய. ஓஎஸ்பிஎஃப்புக்கு டிசிபியும் இல்லை, யுடிபியும் இல்லை; ஐபி தலைப்பின் மேல் நேரடியாக ஓடும் 89-ஆம் எண் புரோட்டோகால் அது. எனவே புரோட்டோகாலைத்தான் அனுமதிக்க வேண்டும். மெய்நிகர் கணினியில் எஃப்ஆர்ஆர் போட்டு, கான்ஃபிக் முழுவதும் சரியாக இருந்தும் நெய்பர் வரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அறிகுறி: 'இனிட்' நிலையிலேயே நிற்கிறது

இந்த நிலையின் பொருள் மிகத் தெளிவானது. அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கிறது; நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்கள் அனுப்பும் ஹலோவில் தாங்கள் கேட்ட ரவுட்டர்களின் ஐடி பட்டியல் இருக்கும்; அதில் நம் ஐடி இல்லை. ஆகவே கோளாறு நம்மிடமிருந்து அவர்களுக்குப் போகும் திசையில். 'இனிட்' தெரியும் ரவுட்டரிலேயே மணிக்கணக்காகக் கான்ஃபிக்கைப் புரட்டுவது வீண். எதிர் முனைக்குப் போங்கள்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது உள்வரும் ஏசிஎல் (எந்தப் பாக்கெட்டை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்). சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் வெளிச்செல்லும் ஏசிஎல், ரவுட்டர் தானே உருவாக்கும் பாக்கெட்டுகளைத் தடுப்பதில்லை. அதனால் நம் பக்க வெளி ஏசிஎல்லைச் சந்தேகிப்பதை விட, அவர்கள் பக்க உள் ஏசிஎல்லில் 89-ஆம் புரோட்டோகாலுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது பலன் தரும். அடுத்தது ஃபைபர்: இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் போயிருந்தால் ஒரு திசை மட்டும் சாகும். நடுவே மீடியா கன்வர்ட்டர் இருந்தால் லிங்க் விளக்கு இரு முனையிலும் எரிந்துகொண்டே கூட இருக்கும்.

டிஎம்விபிஎன் (நடு ரவுட்டரான ஹப்போடு கிளை ரவுட்டர்களான ஸ்போக்குகளை டனலால் இணைக்கும் முறை) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டனலுக்குள் மல்டிகாஸ்ட் தானாகப் போகாது. ஸ்போக்கில் ஹப்பின் முகவரிக்கு 'ஐபி என்ஹெச்ஆர்பி மேப் மல்டிகாஸ்ட்' வரி இல்லையென்றால் ஸ்போக்கின் ஹலோ ஹப்பைச் சேராது. ஹப்பில் அதே கட்டளையின் 'டைனமிக்' வடிவம் இல்லையென்றால் தலைகீழாக நடக்கும். பிங் இரு பக்கமும் அழகாகப் போகும், ஹலோ மட்டும் ஒரு பக்கம் போகாது. அதனால்தான் இங்கே பிங்கை மட்டும் நம்பக் கூடாது.

அறிகுறி: 'டூ-வே'யில் நிற்கிறது

பல நேரம் இது பிழையே அல்ல. ஒரே ஸ்விட்ச்சில் பத்து ரவுட்டர்கள் இருந்தால், ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் 'ஃபுல்' ஆக வேண்டும் என்றால் 45 இணைப்புகள் தேவைப்படும். அதைத் தவிர்க்கத்தான் டிஆர் (தலைமை ரவுட்டர்), பிடிஆர் (அதன் மாற்று) என்று இரண்டைத் தேர்ந்தெடுத்து, மற்ற எட்டும் அந்த இரண்டோடு மட்டும் 'ஃபுல்' ஆகின்றன. 17 இணைப்புகளில் வேலை முடிகிறது. மற்ற எட்டும் தங்களுக்குள் 'டூ-வே'யிலேயே இருக்கும், இருக்கவும் வேண்டும். 'டூ-வே/டிஆர்-அதர்' என்று கண்டால் விட்டுவிடுங்கள்.

உண்மையான பிழை இரண்டு வகை. எல்லா ரவுட்டர்களிலும் பிரயாரிட்டி 0 என்று போட்டுவிட்டால் டிஆர் ஆக யாருமே இல்லை. எல்லோரும் 'டூ-வே'யில் உறைந்துவிடுவார்கள். இரண்டாவது, ஹப்-ஸ்போக் அமைப்பில் ஒரு ஸ்போக் டிஆர் ஆகிவிடுவது. மற்ற ஸ்போக்குகளோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லாததால் பாதி நெட்வொர்க் அரைகுறையாக நிற்கும். ஹப்பின் பிரயாரிட்டியை 255 ஆக உயர்த்தினால் போதாது; டிஆர் தேர்தலில் இருப்பவரை இறக்கும் வழக்கம் இல்லை. முன்பே டிஆர் ஆகிவிட்ட ஸ்போக் விழும்வரை அதுவே டிஆர். எல்லா ஸ்போக்குகளிலும் பிரயாரிட்டி 0 போடுவதுதான் சரியான தீர்வு.

அறிகுறி: 'எக்ஸ்ஸ்டார்ட்' அல்லது 'எக்ஸ்சேஞ்ச்'சில் மாட்டிக்கொண்டது

இது ஓஎஸ்பிஎஃப்பில் மிகவும் பேர் போன சிக்கல். பத்தில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவு. ஆனால் காரணத்தைத் தெரிந்துவைத்திருப்பவர்களும் தீர்வைத் தவறாகச் செய்வதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எல்எஸ்ஏ தலைப்புகளைச் சுமக்கும் டிபிடி பாக்கெட்டில் அனுப்புபவரின் இன்டர்ஃபேஸ் எம்டியு எழுதப்பட்டிருக்கும். அது தன்னால் ஏற்க முடிந்த அளவைவிடப் பெரிதாக இருந்தால் பெறுபவர் அந்தப் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடுவார். எறிவது எப்போதும் சிறிய எம்டியு உள்ள பக்கம். அதனால் சிறிய பக்கம் 'எக்ஸ்ஸ்டார்ட்'டில் நிற்கும். பெரிய பக்கம், ரவுட்டர் ஐடி யாருடையது உயர்ந்தது என்பதைப் பொறுத்து, 'எக்ஸ்ஸ்டார்ட்'டிலோ 'எக்ஸ்சேஞ்ச்'சிலோ நிற்கும். சிறிய பக்கத்தில் 'டீபக் ஐபி ஓஎஸ்பிஎஃப் அட்ஜ்' போட்டால் நெய்பரின் எம்டியு பெரிது என்று நேரடியாகவே செய்தி வரும்.

இரு பக்கமும் 9000 என்றுதானே போட்டிருக்கிறோம் என்பீர்கள். வேறு வேறு இயங்குதளங்கள் அந்த எண்ணை வேறு வேறாகக் கணக்கிடுகின்றன. சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் இன்டர்ஃபேஸ் எம்டியு 9000 என்றால் ஐபி பாக்கெட்டுக்கே 9000 பைட். சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆரிலும் ஜூனிப்பரின் ஜூனோஸிலும் அந்த 9000-க்குள் 14 பைட் ஈதர்நெட் தலைப்பும் அடக்கம். ஐபிக்குக் கிடைப்பது 8986. கான்ஃபிக்கில் ஒரே எண், கம்பியில் 14 பைட் வித்தியாசம், நெய்பர் 'எக்ஸ்ஸ்டார்ட்'டில். அந்தப் பக்கங்களில் 9014 என்று போட்டால் ஒத்துப்போகும். விலான் டேக் இருக்கும் சப்-இன்டர்ஃபேஸ்களில் கணக்கு மேலும் மாறும். ஆகவே கான்ஃபிக் வரியை நம்பாமல், இரு முனையிலும் ஐபி எம்டியு எவ்வளவு என்று 'ஷோ' கட்டளையில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

'ஐபி ஓஎஸ்பிஎஃப் எம்டியு-இக்னோர்' பற்றி: அந்த வரியைப் போட்டவுடன் நெய்பர் 'ஃபுல்' ஆகும், எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அது அளவுச் சோதனையைத்தான் நிறுத்துகிறது, கம்பியின் அளவை மாற்றுவதில்லை. ஒரு எல்எஸ்ஏ தலைப்பு 20 பைட். 1500 பைட் பாக்கெட்டில் ஐபி தலைப்பு 20, ஓஎஸ்பிஎஃப் தலைப்பு 24, டிபிடிக்கான 8 பைட் போக 72 தலைப்புகள் வரை அடங்கும். உங்கள் டேட்டாபேஸில் அதற்குக் குறைவான எல்எஸ்ஏக்கள் இருக்கும்வரை டிபிடி பாக்கெட்டுகள் சிறியதாகவே இருக்கும், எதுவும் தெரியாது. நெட்வொர்க் வளர்ந்து, பெரிய பக்கம் 1500-ஐத் தாண்டிய பாக்கெட்டை அனுப்பத் தொடங்கும் நாளில், பல மாதம் நன்றாக ஓடிய லிங்க் ஒரு சிறு ரீலோடுக்குப் பிறகு ஏறவே ஏறாது. அப்போது யாருக்கும் பழைய 'இக்னோர்' வரி ஞாபகத்தில் இருக்காது. எம்டியுவைச் சரிசெய்ய முடியும்போது 'இக்னோர்' போடாதீர்கள் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இரு முனையிலும் ஐபி எம்டியு 1500 என்று சரியாக இருந்தும் மாட்டிக்கொண்டால், நடுவில் உள்ள சேவைதாரர் சர்க்யூட் அவ்வளவைச் சுமக்கவில்லை என்று சந்தேகியுங்கள். வழியில் ஏதோ ஒரு டனல் இருந்தால் போதும். ரவுட்டர்களின் சோதனை தேறிவிடும், பெரிய பாக்கெட் மட்டும் நடுவழியில் தொலையும். சோதிக்க, பிரிக்காதே கொடியோடு பெரிய பிங் அனுப்புங்கள்: ஐஓஎஸ்ஸில் சைஸ் 1500, டிஎஃப்-பிட். லினக்ஸில் 1472 என்று கொடுக்க வேண்டும். தலைப்புகளின் 28 பைட்டை அதுவே சேர்த்துக்கொள்ளும். சாதாரண பிங் போய், இது போகவில்லையென்றால் சேவைதாரரிடம் காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

எம்டியு இல்லையென்றால் யூனிகாஸ்ட்டைப் பாருங்கள். பிராட்காஸ்ட் லிங்க்கில் ஹலோ மல்டிகாஸ்ட்டில் போகும், டிபிடி மட்டும் யூனிகாஸ்ட்டில் போகும். அதே சப்நெட்டில் வேறொரு கருவி அந்த ஐபியை வைத்திருந்தாலோ, ஏசிஎல்லில் 224.0.0.5-க்கு மட்டும் அனுமதி கொடுத்து நெய்பரின் நேரடி முகவரிக்குக் கொடுக்காமல் விட்டிருந்தாலோ இதே இடத்தில் நிற்கும்.

'லோடிங்'கில் நெடுநேரம் நிற்பதற்கு மேலே சொன்ன பெரிய பாக்கெட் தொலைவதே பெரும்பாலும் காரணம். தனியாக வேறு தேட வேண்டாம்.

அறிகுறி: நெய்பர் 'ஃபுல்', ஆனால் ரூட் இல்லை

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு கேள்வியில் பாதையைப் பிரிக்கலாம்: அந்த நெட்வொர்க்குக்கான எல்எஸ்ஏ நம் டேட்டாபேஸில் இருக்கிறதா? 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ்' பாருங்கள். இருந்தும் ரூட் இல்லையென்றால் பிழை கணக்கில் அல்லது ரூட் டேபிளில். எல்எஸ்ஏவே இல்லையென்றால் பிழை அதைப் பிறப்பிக்க வேண்டிய ரவுட்டரில் அல்லது இடையிலுள்ள ஏரியா எல்லையில்.

எல்எஸ்ஏ இருக்கும் பட்சத்தில், மிகவும் ஏமாற்றும் காரணம் நெட்வொர்க் வகை மாறுபடுவது. ஒரு முனை பிராட்காஸ்ட், மறுமுனை பாயின்ட்-டு-பாயின்ட். இரண்டுக்கும் டைமர் 10, 40 என்று ஒன்றாகவே இருப்பதால் நெய்பர் 'ஃபுல்' வரை போய்விடும். ஆனால் பிராட்காஸ்ட் பக்கம் தன் எல்எஸ்ஏவில் "டிஆர் இருக்கும் நெட்வொர்க்கோடு இணைந்திருக்கிறேன்" என்று எழுதுகிறது. மறுபக்கம் "இந்த ரவுட்டரோடு நேரடியாக இணைந்திருக்கிறேன்" என்கிறது. டைக்ஸ்ட்ரா கணக்கு ஓடும்போது ஒரு இணைப்பு இரு திசையிலும் ஒத்துப்போனால்தான் அதன் மேல் நடக்கும். ஒத்துப்போகாததால் மறுமுனை வரைபடத்தில் தீவு ஆகிவிடுகிறது. கண்டுபிடிப்பது எளிது: நெய்பர் பட்டியலில் ஒரு முனை 'ஃபுல்' பக்கத்தில் டிஆர் அல்லது பிடிஆர் என்றும், மறுமுனை வெறும் கோடும் காட்டும். 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் ரவுட்டர்' அடித்தால் அந்த எல்எஸ்ஏவுக்கு மேல் 'அட்வ் ரவுட்டர் இஸ் நாட்-ரீச்சபிள்' என்று எழுதியிருக்கும். இரு ரவுட்டர்கள் மட்டும் உள்ள ஈதர்நெட் லிங்க் என்றால் இரு பக்கமும் பாயின்ட்-டு-பாயின்ட் வைத்துவிடுங்கள். டிஆர் தேர்தலுக்கான 40 விநாடிக் காத்திருப்பும் மிச்சமாகும்.

அடுத்தது, வேறொரு வழி ரூட் டேபிளில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது. எந்த மூலத்தின் ரூட்டை முதலில் நம்புவது என்பதை அட்மின் டிஸ்டன்ஸ் சொல்லும், குறைந்த எண் வெல்லும். சிஸ்கோவில் ஓஎஸ்பிஎஃப்பின் அட்மின் டிஸ்டன்ஸ் 110. ஸ்டாடிக் ரூட்டுக்கு 1, வெளி பிஜிபிக்கு 20, ஈஐஜிஆர்பிக்கு 90. என்றோ அவசரத்துக்குப் போட்ட ஸ்டாடிக் ரூட் இன்னும் இருந்தால் ஓஎஸ்பிஎஃப் ரூட் உள்ளே வரவே வராது. மூன்றாவது, 'டிஸ்ட்ரிபியூட்-லிஸ்ட் இன்'. இது எல்எஸ்ஏவைத் தடுக்காது. அந்த ஒரு ரவுட்டரின் ரூட் டேபிளில் மட்டும் நுழைய விடாது. அதற்குப் பின்னால் உள்ள ரவுட்டர்கள் எல்எஸ்ஏவைப் பெற்று, இந்த ரவுட்டர் வழியாகவே டிராஃபிக்கை அனுப்பும். இங்கே வந்து அது காணாமல் போகும். ஏரியாவுக்குள் ரூட்டை வடிகட்ட இதை யாராவது பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள்.

வெளி ரூட் (ஓஎஸ்பிஎஃப்புக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது) என்றால் இன்னொரு நுணுக்கம் உண்டு. அதை அறிவிக்கும் ஐந்தாம் வகை எல்எஸ்ஏவில் ஃபார்வர்டிங் அட்ரஸ் (பாக்கெட்டை அனுப்ப வேண்டிய முகவரி) 0.0.0.0 அல்லாமல் ஒரு முகவரி இருந்தால், அந்த முகவரிக்கு ஓஎஸ்பிஎஃப்பின் உள் ரூட் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதுவும் வெளி ரூட்டாக வந்திருந்தால், அல்லது ஸ்டாடிக்காகத் தெரிந்திருந்தால், கணக்கு அந்த எல்எஸ்ஏவை ஒதுக்கிவிடும். டேட்டாபேஸில் கண்ணெதிரே இருக்கும், ரூட் டேபிளில் மட்டும் இருக்காது.

எல்எஸ்ஏவே இல்லாத பட்சத்துக்கு வருவோம். பழைய ஐஓஎஸ்ஸில், வேறு ரூட்டுகளை ஓஎஸ்பிஎஃப்புக்குள் கொண்டுவரும் 'ரீடிஸ்ட்ரிபியூட்' வரியின் முடிவில் 'சப்நெட்ஸ்' என்ற சொல் இல்லையென்றால் கிளாஸ்ஃபுல் (பழைய ஏ, பி, சி வகுப்புப்படி முழுதான) நெட்வொர்க்குகள் மட்டுமே உள்ளே வரும், 10.20.30.0/24 வராது. டிஃபால்ட் ரூட்டைப் பரப்ப 'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' போட்டும் வரவில்லையென்றால், அந்த ரவுட்டரின் சொந்த டேபிளில் டிஃபால்ட் ரூட் இருக்கிறதா பாருங்கள். தன்னிடம் இல்லாததை அது பரப்பாது, 'ஆல்வேஸ்' சேர்த்தால் ஒழிய. ஸ்டப் ஏரியாவுக்குள் ஐந்தாம் வகை எல்எஸ்ஏ வராது. அது வடிவமைப்பு, பிழையல்ல.

ஏரியா 0-வைத் தொடாத ஏரியா எப்போதும் தொல்லை. ஏரியா 2, ஏரியா 1 வழியாக மட்டுமே இணைந்திருந்தால், இடையிலுள்ள ரவுட்டர் இரண்டிலும் 'ஃபுல்' ஆக இருந்தும் ஒன்றின் ரூட்டை மற்றதுக்குச் சொல்லாது. ஏரியாக்களுக்கு இடையிலான போக்குவரத்து முதுகெலும்பான ஏரியா 0 வழியாகத்தான். வர்ச்சுவல் லிங்க் போட்டு ஒட்டலாம். ஆனால் அது தற்காலிக ஒட்டு, வாய்ப்புக் கிடைத்ததும் ஏரியா 0-வுக்கு நேரடி இணைப்புக் கொடுங்கள்.

லூப்பேக் மட்டும் எப்போதும் /32 ஆகத் தெரிகிறது என்று கவலைப்படுபவர்களுக்கு: ஓஎஸ்பிஎஃப் அப்படித்தான் அறிவிக்கும். முழு மாஸ்க் வேண்டும் என்றால் அந்த லூப்பேக்கில் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் பாயின்ட்-டு-பாயின்ட்' போடுங்கள்.

அறிகுறி: விழுந்து விழுந்து எழுகிறது

லாகில் 'அட்ஜ்சேஞ்ச்' வரியின் கடைசிச் சொற்கள்தான் எல்லாம். 'இன்டர்ஃபேஸ் டவுன்' என்றால் கேபிளைப் பாருங்கள். 'டெட் டைமர் எக்ஸ்பயர்ட்' என்றால் 40 விநாடி ஹலோ வந்து சேரவில்லை: லிங்க் நிரம்பி வழிகிறதா, ரவுட்டர் சிபியு மூச்சுத் திணறுகிறதா, பாக்கெட் தொலைகிறதா என்று தேடுங்கள். ஓஎஸ்பிஎஃப் பாக்கெட்டுகள் ஐபி பிரெசிடென்ஸ் 6 குறியோடு போகும். உங்கள் க்யூஓஎஸ் (டிராஃபிக்குக்கு முன்னுரிமை தரும் அமைப்பு) அந்தக் குறியை மதிக்கிறதா என்றும் பாருங்கள். '1-வே' என்று வந்தால் எதிர்ப்பக்கம் நம்மை மறந்துவிட்டது, காரணத்தை அங்கே உள்ள லாகில் தேட வேண்டும். 'டூ மெனி ரீடிரான்ஸ்மிஷன்ஸ்' என்றால் ஹலோ போகிறது, பெரிய பாக்கெட் போகவில்லை, மீண்டும் எம்டியு.

ஜிஆர்இ டனல் ஒழுங்கான இடைவெளியில் விழுந்து எழுந்தால் ரிக்கர்ஸிவ் ரூட்டிங். டனலின் மறுமுனை ஐபிக்கான ரூட்டை டனல் வழியாகவே கற்றுக்கொண்டுவிட்டது. டனல் தன் தலையைத் தானே விழுங்குவதால் லாகில் 'ரிக்கர்டவுன்' செய்தியோடு விழும், விழுந்ததும் ரூட் மறையும், மீண்டும் ஏறும். டனல் முனைகளின் முகவரியை டனலுக்குள் ஓடும் ஓஎஸ்பிஎஃப்பில் அறிவிக்காதீர்கள், அல்லது அதற்குத் தனி ஸ்டாடிக் ரூட் கொடுங்கள்.

எல்லா நெய்பர்களும் நிலையாக 'ஃபுல்', ரூட்டுகள் மட்டும் வந்து வந்து போகின்றன என்றால் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்: நெட்வொர்க்கில் எங்கோ இரண்டு ரவுட்டர்களுக்கு ஒரே ரவுட்டர் ஐடி. ஒன்று தன் எல்எஸ்ஏவை அனுப்ப, மற்றொன்று "இது என் பெயரில் வந்த பழையது" என்று எண்ணிப் புதிய வரிசை எண்ணோடு பதில் அனுப்ப, முதலாவது மீண்டும் அனுப்ப, இது ஓயாது. டேட்டாபேஸில் அந்த ஐடியின் எல்எஸ்ஏவைச் சில முறை பாருங்கள். சாதாரணமாக ஒரு எல்எஸ்ஏ 1800 விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். இங்கே வயது சில விநாடிகளைத் தாண்டாது, வரிசை எண் ஓடிக்கொண்டே இருக்கும். மெய்நிகர் ரவுட்டரை நகல் எடுத்த இடங்களில் அதிகம் நடக்கும். ரவுட்டர் ஐடியைக் கையால் எழுதி, ஐடி மாற வேண்டிய அந்த ஒரு ரவுட்டரில் மட்டும் பிராசஸை கிளியர் செய்யுங்கள். அந்தக் கட்டளைக்கு நியாயமான இடம் இதுதான்.

அறிகுறி: ரூட் இருக்கிறது, தவறான வழியில் போகிறது

காஸ்ட்டை (வழியின் செலவு, குறைவானது வெல்லும்) பார்ப்பதற்கு முன் ப்ரிஃபிக்ஸைப் பாருங்கள். /24-க்கும் /16-க்கும் இடையே போட்டியே கிடையாது, நீளமானது வெல்லும். ஒரே ப்ரிஃபிக்ஸ் என்றால் அடுத்தது ரூட் வகை: ஏரியாவுக்குள் இருக்கும் ரூட், ஏரியாக்களுக்கு இடையிலான ரூட்டை எப்போதும் வெல்லும், காஸ்ட் எவ்வளவு மோசமாக இருந்தாலும். 10 கிகாபிட் லிங்க்கை விட்டுவிட்டு டிராஃபிக் மெதுவான லிங்க்கில் போவதற்கு இது அடிக்கடி காரணம்.

வகையும் ஒன்று என்றால்தான் காஸ்ட். இங்கே சிஸ்கோவின் பழைய இயல்பு மதிப்பு கெடுக்கிறது. ரெஃபரன்ஸ் பேண்ட்விட்த் 100 மெகாபிட். அதை லிங்க் வேகத்தால் வகுத்தால் 100 மெகாபிட்டுக்குக் காஸ்ட் 1, கிகாபிட்டுக்கும் 1, 10 கிகாபிட்டுக்கும் 1. மூன்றும் ரவுட்டரின் கண்ணுக்கு ஒன்றே. 'ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்விட்த் 100000' போட்டால் முறையே 1000, 100, 10 ஆகும். எல்லா ரவுட்டர்களிலும் ஒரே பராமரிப்பு நேரத்தில் போட வேண்டும். பாதியில் நிறுத்தினால் முன்பைவிட மோசம். காஸ்ட் வெளிச்செல்லும் இன்டர்ஃபேஸில் கணக்காவதால், போகும் வழி சரி, திரும்பும் வழி தவறு என்று இருந்தால் மறுமுனையின் காஸ்ட்டைத்தான் திருத்த வேண்டும்.

வெளி ரூட்டுகளில் இ2 வகை இயல்பாக மெட்ரிக் 20-உடன் வரும், உள்ளே எத்தனை ஹாப் கடந்தாலும் 20 தான். இரண்டு எக்ஸிட்களிலும் மெட்ரிக் சமம் என்றால் அருகில் இருக்கும் எக்ஸிட் தேர்வாகும். ஒன்றில் 19 என்று இருந்தால் ஊரின் மறுகோடியில் இருந்தாலும் அதுதான் வெல்லும். உள்தூரமும் கணக்கில் வர வேண்டும் என்றால் இ1 ஆக மாற்றுங்கள்.

ஒரு குறிப்பிட்ட ரவுட்டரை மட்டும் எல்லா டிராஃபிக்கும் சுற்றிக்கொண்டு போகிறது, லிங்க், நெய்பர் எல்லாம் சரி என்றால், அந்த ரவுட்டரின் எல்எஸ்ஏவைத் திறந்து மெட்ரிக் பாருங்கள். 65535 என்று இருந்தால், முன்பு பராமரிப்புக்காக யாரோ 'மேக்ஸ்-மெட்ரிக் ரவுட்டர்-எல்எஸ்ஏ' போட்டு, வேலை முடிந்தபின் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். 'நோ' கொடுத்து எடுத்துவிட்டு, அந்த எல்எஸ்ஏவை வேறொரு ரவுட்டரிலிருந்து பார்த்து 65535 போய்விட்டதா என்று சரிபாருங்கள்.